றோஸ் மெழுகு

வாயைத் திறந்தபடி ஓர் ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு மரம் பார்க்க ஓடுகிற பல் வைத்தியரை என் வாழ்நாளில் நான் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய கிளினிக். கீழே கிளினிக், மேலே வீடு, பின்னால் கராஜ். கராஜில் கார் இல்லை, லேத் இருந்தது. மரக்கட்டையைப் பூட்டிச் சுழலவிட்டு, உளியைப் பிடித்துக் கிண்ணமாகக் கடைந்தெடுக்கிற மெஷின். நான் முன்னறையில் இருந்து நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பவள். கல்யாணம் முடித்த புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதே ஒழுங்கையில் ஓர் அனெக்ஸில் நானும் இவரும் குடியிருந்தோம். யுத்தம் அங்கே நடந்தது. அதன் சோதனைச் சாவடிகள் இங்கே நின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தெஹிவளையில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் நாற்காலியில் இருந்தார். டொக்டர் அவருக்கு விறைப்பு ஊசி போட்டுவிட்டு, அது பிடிக்கட்டும் என்று நின்றார். திடீரென்று தலையை யன்னல் பக்கம் சரித்தார்.

"கேக்குதோ பிள்ளை?"

"என்னது டொக்டர்?"

"கோடாலி. பச்சை மரம்."

"பச்சையெண்டு எப்பிடித் தெரியும்?"

"காய்ஞ்சதிலை போட்டால் சத்தம் திரும்பி வரும். இது உள்ளுக்கை போய் நிக்குது."

அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டோடு படியிறங்கி ஓடினார். ஒரு கையில் தேர்மோஸ் பிளாஸ்க், மற்றதில் பெயின்ற் அடிக்கிற பிரஷ். நானா வாயில் பஞ்சோடு என்னைப் பார்த்தார்.

"வாயத் தொறக்கச் சொல்லிட்டு மனிசன் எங்கயாம் பெய்த்தார்?"

"மரம் வெட்டுறாங்கள் நானா. அதைப் பாக்க."

"ஏன், மரத்துக்கும் பல் வலியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் உதடு ஒரு பக்கம்தான் சிரித்தது. "ஊசியப் போட்டுட்டார் தங்கச்சி. நாக்கு எங்க ஈக்கிதெண்டே தெரியல்ல. சிரிக்க வெக்காதீங்க."

டொக்டர் திரும்பி வந்தபோது கோட்டெல்லாம் மரத்தூள். முகத்தில் நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்த ஆளின் வெளிச்சம். "கொட்டம்பா," என்று மரத்தின் பேரைச் சொன்னார் நானாவிடம், மன்னிப்புக் கேட்பதைப் போல. பிறகு கையைக் கழுவினார். நானாவின் பல்லும் வந்தது.

பிளாஸ்க்கில் இருந்தது மெழுகு. பொய்ப்பல் கட்ட அளவெடுக்கும்போது பாவிக்கிற றோஸ் நிற மெழுகுத் தகடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் வெட்டுத்துண்டுகளை எல்லாம் அவர் ஒரு பால்மா ரின்னில் சேர்த்து வைப்பார். காலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கி, மேலே வீட்டிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்க்கில் ஊற்றி, கூப்பிடு தூரத்தில் எங்காவது மரம் விழுமா என்று காதைத் திறந்து வைத்திருப்பார். விழாவிட்டால் மெழுகு உள்ளேயே இறுகிவிடும். அவருடைய மனைவி ஓர் ஆசிரியை. நான் அன்ரி என்று கூப்பிடுவேன். பிளாஸ்க்குக்குள் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டு அன்ரி ஒருநாள் சொன்னா, "பாடசாலைக்குத் தேத்தண்ணி கொண்டு போறதுக்கெண்டு வாங்கினது. இப்ப ஆற்றையோ பல்முரசு மாதிரிக் கிடக்கு."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வெட்டிய மரத்துக்குள் தண்ணீர் நிறைய. தோலின் பக்கத்தால் அது மெல்ல மெல்லத்தான் போகும். வெட்டிய இரண்டு முனைகளாலும் விறுவிறு என்று போகும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே ஈரம் நிற்பதால் உட்புறம் சுருங்க விடாது. அந்த இழுபறியில் நடுப்புள்ளியிலிருந்து நட்சத்திரக் கால்கள் போலக் கீறல் விழும். விழுந்தால் அந்தக் கட்டை கிண்ணத்துக்கு உதவாது. வெள்ளவத்தைக் கடல் காற்றில் இதெல்லாம் காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் அந்த ஓட்டம். விழுந்த உடனே இரண்டு முனைகளையும் மூடிவிட வேண்டும். "வெட்டின வாயைத் திறந்தபடி விடக்கூடாது பிள்ளை," என்பார். நானா நாற்காலியில் அப்படியே கிடந்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மூடிய பிறகு அவரைப்போல ஒரு சோம்பேறியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மாடிப்படிக்குக் கீழே, வெயிலும் காற்றும் படாத இடத்தில், செங்கல்லும் சட்டமும் வைத்து நிலத்தில் முட்டாமல் கட்டைகளை அடுக்குவார். தோலை உரிக்க மாட்டார். அப்படியே கிடக்கும். பல் வலியோடு வருகிறவர்கள் படியேறும்போது றோஸ் நிற வட்ட முகங்கள் வரிசையாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னேரம் ஒன்றில் மனம் வந்தால் கட்டை ஒன்றை எடுத்து, நடுப்புள்ளிக்கு ஊடாக நீளவாக்கில் பிளப்பார். கீறல் பிறக்கிற இடமே அந்தப் புள்ளிதானாம். பிளந்த பாதியை ஈரத்தோடேயே லேத்தில் பூட்டித் தடிப்பாகக் கடைவார். பச்சை மரம் சுழலும்போது தண்ணீர் விசிறும். கராஜ் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீளக் கோடு, அவருடைய சேட்டிலும் அதே கோடு. மின்வெட்டுக் காலத்தில் மெஷின் பாதிக் கிண்ணத்தில் நின்றுவிடும். அவர் உளியைப் பிடித்தபடி அப்படியே நிற்பார், கரண்ட் வரும்வரை. கோபப்பட்டு நான் கண்டதில்லை.

அரைகுறையாகக் கடைந்த அந்த முரட்டுக் கிண்ணத்தை, அதிலிருந்து வந்த சுருள் சீவலுக்குள்ளேயே புதைத்து, சீமெந்துக் கடதாசிப் பையில் கட்டி, அன்ரியின் அலுமாரிக்குள் வைப்பார். அங்கேதான் காற்று அசையாதாம். அன்ரியின் கூறைச்சேலையில் மாமரத்துப் பால் மணம். மாதங்கள் போகும். இடைக்கிடை எடுத்து, கிளினிக்கில் மருந்து நிறுக்கிற சின்னத் தராசில் வைத்து நிறுப்பார்.

"இன்னும் இறங்குது," என்று சொல்லித் திரும்பப் பைக்குள் வைத்துவிடுவார்.

நிறை இறங்குவது நின்ற பிறகுதான் தொடுவார். அதற்குள் கிண்ணம் காய்ந்து கோணி, வட்டம் முட்டை வடிவமாகியிருக்கும். அதனால்தான் முதலில் தடிப்பாக விடுவது. கோணலை மறுபடி கடைந்து வட்டமாக்க இடம் வேண்டும். இவ்வளவு பொறுமைக்கும் பிறகு வந்து சேர்கிற கிண்ணம் அழகாக இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இருந்ததில்லை. அவருக்குக் கடைய வராது. அடி கனத்து, விளிம்பு அலைந்து, ஒரு பக்கம் சரிந்து நிற்கும். நானாவுக்கு ஒன்று கொடுத்தார்; நானா அதில் சவர்க்காரம் வைத்திருந்தார். ஆனால் கீறல் விழுந்த கிண்ணம் அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகவில்லை.

ஆட்களோடும் அவர் இப்படித்தான் என்பதை நான் பிந்தித்தான் கவனித்தேன். எதிர்வீட்டு அக்காவுக்குக் கனடா விசா இல்லை என்று வந்த அன்று, ஒழுங்கையில் மற்றவர்களுக்குச் செய்தி எட்டுவதற்கு முதல் டொக்டர் அங்கே நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரூலில் ஏறி, அழைப்பு மணியின் வயரைக் கழற்றிவிட்டு வந்துவிட்டார். மூலைவீட்டு அன்ரி வந்து பொத்தானை அமத்து அமத்தென்று அமத்திவிட்டுத் திரும்பிப் போனா. அதற்குப் பிறகு டொக்டர் விசா என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்கவில்லை. நெடுநாள் கழித்து அக்கா தானாகவே ஒருநாள் கதைத்தபோது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "ம்" என்றார். அடுத்த நாள் வயரைப் பூட்டினார்.

மரத்தையும் மனிதரையும் ஒன்றாக வைத்து அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது என் வேலை. சொல்லியிருந்தால், "உமக்கு வேறை வேலை இல்லையோ பிள்ளை," என்றுதான் கேட்டிருப்பார்.

இவர், என் வீட்டுக்காரர், கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார். அந்தக் கடைக்கு அருகே, வீதி வளைகிற இடத்தில், பெரிய வளவு ஒன்றில் ஒரு கிழட்டுப் பூவரசு நின்றது. சென்ரியில் நிற்கிற ஆமிக்காரருக்கு வளைவுக்கு அப்பால் வீதி தெரியவில்லை என்று ஒரு சனிக்கிழமை அதை வெட்டினார்கள். பூவரசு கொழும்பில் இலேசில் கிடைக்காது. உள்ளே வயிரம் கடும் கபில நிறம். டொக்டர் அதைப் பற்றிக் கதைக்கும்போது குரல் தாழும். இவர் கடையிலிருந்து கிளினிக்குக்குப் போன் எடுத்தார்.

"டொக்டரிட்டைச் சொல்லும். பூவரசு. இப்பதான் விழுந்தது."

நான் சொல்லி முடிக்க முதல் அவர் ஓட்டோவுக்குள் இருந்தார்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் எல்லாத் துண்டுகளின் முனைகளுக்கும் மெழுகு பூசினார். ஓட்டோவில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு, நோயாளிகள் காத்திருந்ததால் திரும்பி வந்தார். கடை சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு பூட்டும். மிச்சத்தை இவர் வேறோர் ஓட்டோவில் கொண்டுவருவதாக ஒழுங்கு. வழியில் வெயில் படும், அதனால் ஈரச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் நல்லாகக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டொக்டர். இவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கிக் கட்டி, அடுக்கினார்.

ஈரச் சாக்குக்குள் உருண்டையாக, பாரமாக ஏதோ. இரண்டு முனையிலும் இன்னதென்று தெரியாத றோஸ் நிற அடைப்பு. பக்கத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு, சிங்களம் சரியாக வராத ஓர் இளைஞன். அந்தக் காலத்துக் கொழும்பில் இதை ஒரு சோதனைச் சாவடிக்கு ஊடாகக் கொண்டுவர எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும், அதாவது டொக்டருக்கும் இவருக்கும்தான் தோன்றியிருக்கும். ஒருவருக்கு மரம் மட்டும்தான் தெரிந்தது. மற்றவருக்கு டொக்டரின் சொல் மட்டும்தான்.

ஓட்டோ மல்லிதான் கிளினிக்குக்கு ஓடி வந்தான். அவன் சிங்களப் பொடியன்; மல்லி என்றால் தம்பி. பேரைப் பதிந்துகொண்டு அவனைப் போக விட்டிருந்தார்கள்.

"மஹத்தயாவ அரகென கியா," என்றான் மூச்சு வாங்க. ஐயாவைக் கொண்டு போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்றும் சொன்னான்.

நாற்காலியில் அன்றும் நானா. எழுந்து வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார். "டொக்டர், இந்த மொற நானும் வாறேன். வேன் வெளியதான் நிக்கிது."

டொக்டர் கோட்டைக் கழற்றவில்லை. கராஜுக்குப் போய் மரம் அறுக்கிற நீளக் கைவாளை எடுத்து வந்தார். வேனில் என் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்படுகிறவர்கள் எல்லோரும் அன்றைக்கே அந்தியில் வேறோர் இடத்துக்கு மாற்றப்படுவார்கள் என்பதும், மாறிய பிறகு தேடிப் பிடிப்பது லேசில்லை என்பதும் எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஸ்டேஷனில் அதிகாரி மேசைக்கு அப்பால் இருந்து கேட்டார். டொக்டர் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். லீ விதரய், மஹத்தயா. வெறும் மரம். பல்லுக்குப் பாவிக்கிற மெழுகு. அதிகாரி நம்பவில்லை. எதற்காக ஒரு பல் வைத்தியர் மரத்துக்கு மெழுகு பூச வேண்டும்? நியாயமான கேள்வி. வெடிமருந்து பார்க்கிற ஆட்கள் திங்கட்கிழமை வருவார்கள், பார்ப்பார்கள் என்றார். ஆள்? ஆள் இன்று மேலிடத்துக்குப் போவார்.

"திங்கட்கிழமை ஏன்?" என்றார் டொக்டர். "இப்பவே திறந்து காட்டுறன்."

முற்றத்தில் கட்டைகள் மணல் மூட்டைகளுக்கு அப்பால் தனியாகக் கிடத்தப்பட்டிருந்தன. எல்லோரும் தள்ளி நின்றார்கள். டொக்டர் மட்டும் போய் முதலாவதின் சாக்கை அவிழ்த்தார். கட்டையில் ஒரு காலைத் தூக்கி வைத்து, வாளை நடுவில், குறுக்காக வைத்தார்.

குறுக்காக. கிண்ணத்துக்கென்று வைத்த கட்டையைக் குறுக்கே அறுப்பதில்லை. நான் அவ்வளவு காலமும் அவரோடு இருந்ததில் அவர் அதைச் செய்து கண்டதில்லை.

அறுத்தார். இரண்டாக விழுந்தது. உள்ளே கடும் கபிலமும் அதைச் சுற்றி மெல்லிய மஞ்சளும். ஈரம் மினுங்கியது. ஒரு கான்ஸ்டபிள் குனிந்து தூளைக் கிள்ளி மணந்தான்.

"மற்றது," என்றார் அதிகாரி.

மற்றதையும் அறுத்தார். அதற்கடுத்ததையும். நானா கோட்டின் கையைப் பிடித்து, "குடுங்க டொக்டர், நான் கொஞ்சம் இழுக்கிறேன்," என்றார். டொக்டர் வாளை விடவில்லை. கண்ணாடி மூக்கில் இறங்கி வந்தது, தள்ளிவிட நேரமில்லை. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தபோது முற்றம் முழுக்கப் பூவரசம் வட்டங்கள் வாயைத் திறந்தபடி வெயிலில் கிடந்தன.

அதிகாரி அவற்றுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்தார். ஒன்றைக் காலால் உருட்டினார்.

"தொஸ்தர மஹத்தயாவுக்கு வேறை பொழுதுபோக்கு இல்லையா?" என்றார் சிங்களத்தில். அதற்குப் பிறகு உள்ளே ஏதோ சொல்லி அனுப்பினார்.

இவர் வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. சேட் இருந்தது, பொத்தான்கள் இல்லை. என்னைப் பார்த்தார். ஆனால் பார்வை எனக்குக் கொஞ்சம் பின்னால் எங்கேயோ நின்றது. நான் வாயெடுக்க முதல் டொக்டர் தன்னுடைய வெள்ளைக் கோட்டைக் கழற்றி, தூளோடும் வியர்வையோடும், இவருக்குப் போட்டு, கழுத்து வரை எல்லாப் பொத்தான்களையும் பூட்டிவிட்டார். சிறுபிள்ளைக்குப் பூட்டுவதைப் போல.

திரும்பி வருகிற வழி முழுவதும் அவர் நானாவின் கடைவாய்ப் பல்லைப் பற்றியே கதைத்தார். அதைப் பிடுங்குவதா, அடைப்பதா. நானா புரிந்துகொண்டு விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். பல் வேர் இவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை எங்கள் அனெக்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. முதலில் மூலைவீட்டு அன்ரி. நல்ல மனுசிதான். ஆனால் அவவுக்கு விபரம் வேண்டும். "அடிச்சவங்களோ பிள்ளை? எங்கை அடிச்சவங்கள்?" வாசல் படியில் டொக்டர் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பல் நோவோ?" என்றார்.

"எனக்கோ? இல்லை டொக்டர், நான் தம்பியைப் பாக்க…"

"நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்கோ. பிள்ளை நம்பர் தருவா."

வந்த எல்லோருக்கும் அதே கேள்வி, அதே பதில். படியை விட்டு அவர் எழும்பவில்லை. கிளினிக் மாடியிலிருந்து டொக்டரின் மனைவி அன்ரி கஞ்சி கொண்டுவந்தா. என்னிடம் பாத்திரத்தைத் தந்துவிட்டு, படியில் இருந்த கணவனைப் பார்த்துச் சொன்னா: "உங்கடை மெழுகாலைதான்." டொக்டர் மறுக்கவில்லை. "ஓம்," என்றார்.

நானா பூவரசந் துண்டுகளை வீணாக விட மனமில்லாமல் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கிளினிக் படியடியில் இறக்கியிருந்தார். டொக்டர் அவற்றுக்கு மெழுகு பூசவில்லை. அடுப்பை மூட்டக்கூட இல்லை. அடுத்த நாள் காலை கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது ஒவ்வொன்றிலும் நட்சத்திரம்.

அதற்குப் பிறகு டொக்டர் என்னிடமோ இவரிடமோ ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூட. மாதக்கணக்கில். இவர் வேலைக்குப் போனார், வந்தார். சாப்பிட்டார். "ஓம்." "இல்லை." "போட்டு வாறன்." அவ்வளவுதான் வீட்டுக்குள் இருந்த பேச்சு. "இஞ்சருங்கோ," என்று நான் தொடங்கினால் கண் எனக்குப் பின்னால் போய்விடும். கிளினிக் படிக்குக் கீழே றோஸ் முகங்கள் தெரிவதால் ஒழுங்கையால் வருவதை விட்டுவிட்டு, ரயில் பாதையோரமாகக் கடலால் சுற்றி வந்தார். இவர் எனக்குத் திரும்பி வருவாரா என்பது மட்டும்தான் அந்த வருடம் முழுவதும் எனக்கு இருந்த கேள்வி. வேறொன்றும் இருக்கவில்லை. யுத்தம்கூட.

எனக்கு டொக்டரில் கோபம் வந்தது. ஒருநாள் தராசில் கிண்ணம் வைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"ஒரு நாளெண்டாலும் நீங்கள் அவரிட்டை என்ன நடந்ததெண்டு கேக்கக்கூடாதோ?"

"கேட்டால் சொல்லுவர் பிள்ளை. நான் கேக்கிறன் எண்டதுக்காகச் சொல்லுவர்." தராசின் முள்ளைப் பார்த்தார். "அதாலை எனக்குத்தான் நிம்மதி. அவருக்கில்லை."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"சமையுங்கோ. புளி கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ, மனுசன் மெலியிறார்."

முள் நின்றது. "இன்னும் இறங்குது," என்று கிண்ணத்தைப் பைக்குள் வைத்தார். அவர் கிண்ணத்தைத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

பிறகு ஒரு வார நாள். பக்கத்து வளவில் மாமரம் ஒன்றை விடிய வெட்டி, வெட்டியவர்களே துண்டுகளைக் கிளினிக் முற்றத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். டொக்டர் நோயாளிகள் வர முதல் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி மெழுகு ரின்னை வைத்தார். போன் அடித்தது. நான் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

கேட்டார். "எப்ப?" என்றார். இன்னும் கேட்டார். றிசீவரைத் தானே சரியாக வைத்தார்.

"ஊரிலை, என்ரை அக்கா," என்றார் என்னிடம். "ஷெல். நம்பர் ஒண்டும் குடாதை பிள்ளை."

உள்ளே போய், நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். தலைக்கு மேலே இருந்த வெளிச்சத்தை அணைத்தார். அன்ரி பாடசாலையில். நான் அங்கே சொல்லிவிட்டேன். பிறகு இவருடைய கடைக்குப் போன் எடுத்தேன். வரச் சொல்வதற்காக அல்ல, வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான்.

"டொக்டற்றை அக்கா செத்துப் போனாவாம். ஷெல் விழுந்ததாம்."

"ம்," என்றார். வைத்துவிட்டார்.

வெயில் ஏறியது. கடல் காற்று தொடங்கியது. முற்றத்தில் மாமரத் துண்டுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. எனக்கு அவற்றைப் பார்க்கவும் முடியவில்லை, தொடவும் தோன்றவில்லை. அடுப்பில் மெழுகு புகையத் தொடங்கியது. போய் அணைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவடியில் நின்றேன்.

இவர் வந்தார். ரயில் பாதையால் அல்ல, ஒழுங்கையால். காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும், சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. கேற்றடியில் நின்று கட்டைகளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு உள்ளே வந்து அடுப்பைக் குறைத்தார். பிரஷ்ஷை எடுத்தார். குந்தியிருந்து முதலாவது துண்டின் முனையில் மெழுகைப் பூசினார். றோஸ் நிறம் வெள்ளையின்மேல் பரவி, பளபளத்து, மங்கியது. ஒவ்வொன்றாகப் பூசி, உருட்டி, படிக்குக் கீழே கொண்டுபோய்ச் செங்கல்லின் மேல் சட்டத்தில் ஏற்றினார். ரின்னில் மெழுகு முடிந்ததும் தகடுகளை உடைத்துப் போட்டு உருக்கினார். அவை புதுத் தகடுகள். பொய்ப்பல்லுக்கு வைத்திருந்தவை.

அன்று ஸ்டேஷனுக்குள் நடந்ததை இவர் எனக்குச் சொன்னது அதற்கும் பிறகு, வேறொரு நாள், பொரளைக்குப் போகிற பஸ்ஸில், நான் கேட்காமல். அதை நான் எழுதப் போவதில்லை. அது இவருடையது.

இங்கே எழுத வேண்டியது இதுதான். ஒழுங்கைக்குச் செய்தி எட்டிவிட்டது. கேற்றைத் திறந்துகொண்டு மூலைவீட்டு அன்ரி வந்தா. பின்னால் இன்னும் இரண்டு பேர். இவர் பிரஷ்ஷை ரின்னுக்குள் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கிளினிக் படியில் போய் நடுவாக உட்கார்ந்தார்.

"பல் நோவோ அன்ரி?" என்றார்.

அந்தக் குரலை நான் எவ்வளவோ காலமாகக் கேட்டிருக்கவில்லை.

"என்ன தம்பி விசர்க்கதை? டொக்டற்றை அக்காவுக்கு என்ன நடந்ததெண்டு…"

"நாளைக்கு வாங்கோ. இண்டைக்கு நம்பர் இல்லை."

மூலைவீட்டு அன்ரி என்னைப் பார்த்தா. நான் நம்பர்ச் சீட்டுகளை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அவ திரும்பினா. மற்றவர்களும் திரும்பினார்கள். கேற் கிரீச்சிட்டது.

உள்ளே இருட்டுக்குள்ளிருந்து, சாய்ந்த நாற்காலியிலிருந்து, டொக்டரின் குரல் இவரைக் கூப்பிட்டது.

"ஐசே."

"ஓம் டொக்டர்."

"ரெண்டு பக்கமும் பூசினீரோ?"

"பூசியாச்சு."

"நிழலிலையோ வைச்சது?"

"நிழலிலைதான்," என்றார் இவர். "நீங்கள் பேசாமல் கிடவுங்கோ."